உன் ஆஸ்கார் ஜோடி என் தொட்டியில்

என் ஆருயிர் எதிரியே, அன்பு மச்சான் செல்வம்,

நீ செத்தும் என் வயிற்றெரிச்சல் அடங்கலடா. உன் காரியம் முடிந்த கையோடு உன் பொண்டாட்டி, என் தங்கச்சி, "இதுங்களப் பாத்தா அவரு ஞாபகமாவே கீதுண்ணா, நீயே எடுத்துக்கினு போ" என்று உன் ஆஸ்கார் மீன் இரண்டையும் என்னிடம் கொடுத்துவிட்டாள். பெயிண்ட் பக்கெட்டில் தூக்கிவந்தேன்.

எத்தனை வருஷம் வெந்திருக்கிறேன் தெரியுமா? ஒரு அடி வளர்கிற மீன் வீட்டுத் தொட்டியில் முட்டை போடுவதே அபூர்வம். இடம் போதாது. ஆணா பெண்ணா என்று பார்த்தால் தெரியாது. நாமாக ஜோடி சேர்த்தால் ஒன்றையொன்று கடித்துக் குதறும். என்னுடையது ஒண்டிக்கட்டையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. உனக்கோ மாசாமாசம் முட்டை! அத்தனையும் வெளுத்துப் பூஞ்சை பிடித்துப்போகும்; அப்பவும் கம்பெனி கேன்டீனில் எல்லார் முன்னாலும், "முட்டையாச்சும் போடுதுல்ல, உன்னுது இன்னா பண்ணுது?" என்பாய்.

போன மாசம் என்னிடம் முட்டை போட்டன. ஷிப்ட் மாற்றிக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். சின்னது ஓட்டுத்துண்டின் மேல் முட்டை வைத்துவிட்டு நகர்ந்தது. பெரியது வந்தது. அதுவும் முட்டை வைத்தது!

அடப்பாவி, ரெண்டும் பொம்பளைடா! லைனில் மயிரிழை கீறல் இருந்தாலே பீஸை ரிஜெக்ட் பண்ணுகிற குவாலிட்டி செக்கர் நீ. பெருசு ஆண், சின்னது பெண் என்று நீயாகவே ஓகே போட்டிருக்கிறாய். இதுக்கா நான் வெந்து செத்தேன்? விழுந்து விழுந்து சிரித்தேன். உனக்கு போன் போடக் கை போச்சு. அப்புறம் சிரிப்பு வரவில்லை.

என்னுடையது ஆண்தானா என்று எனக்கும் தெரியாது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் விட்டுப் பழக்கினேன். சின்னதுக்குப் பிடித்துப்போச்சு. பெரியதைத் தனியாக மாற்றிவிட்டுத் தடுப்பை எடுத்தேன். இந்த முறை முட்டை வெளுக்கல மச்சான். குஞ்சுகள் நீந்துகின்றன.

சேரப்பணஞ்சேரி ஊரே பார்க்க வருகிறது. வந்து என்ன சொல்கிறார்கள்? "செல்வம் மீனு குஞ்சு பொரிச்சிடுச்சாமே! பாவம், அவனுக்குப் பாக்கக் குடுத்துவைக்கல." எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்பன் என் மீன் இல்லையா? செத்தும் பேரைத் தட்டிக்கொண்டு போகிறாயே, நியாயமா?

நீ வயிறு எரிந்து, "இது இன்னா பெரிய விஷயம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்க்கத்தானேடா இவ்வளவும்? ஜெயித்துவிட்டேன். காட்ட நீ இல்லை.

நேற்று தங்கச்சி வந்து பார்த்தாள். "ரெண்டு குஞ்சு குடுண்ணா, தொட்டி காலியா கெடக்குது" என்றாள். கொஞ்சம் தேறட்டும், நானே கொண்டுபோய் விடுகிறேன், சத்தியம். எல்லாம் உன் மீனின் குஞ்சுகள் என்றுதான் அவளிடம் சொல்வேன். அதைச் சொல்ல எனக்கு எப்படி எரியும் என்று உனக்குத் தெரியும். அனுபவி.

இப்படிக்கு,
உன்மேல் பொறாமை தீராத உன் மச்சான்
குமார்