மீனுக்கும் ஒரு ஆபரேஷன்

டிசம்பர் 27

அக்காவின் மூக்குக் குழாயை இன்று எடுத்துவிட்டார்கள். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு பாலும் கஞ்சியும் மருந்தும் அது வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. "ரெண்டு மூணு நாள் கூழ் குடுங்க. ஒத்துக்கிட்டா மெத்துன்னு இருக்கறதா ஏதாச்சும்," என்றார் டாக்டர்.

புது வருஷத்துக்கு என்ன வேணும் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. பாதி காற்றாக வந்த குரலில், "மீனு. முழு மீனு."

"முள்ளு ஒண்ணுகூட இருக்கக் கூடாது," என்றார் டாக்டர், என்னைப் பார்த்து.

டிசம்பர் 28

மாமா தானே சமைப்பதாகச் சொன்னார். அக்கா வேண்டாம் என்று கையாட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் வெந்நீர் வைத்தாலே அடிபிடிக்கும் என்பது அவள் கட்சி. ஆக, நான்தான். நான் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் பதம் தெரியும், மீன் பதம்? வேலையில் போல்ட்டை முடுக்கும்போதெல்லாம் இஞ்சி, மிளகு, எலுமிச்சை என்றே மனசு ஓடுகிறது.

டிசம்பர் 29

ஒத்திகை. சின்ன மீன் ஒன்றை ஆவியில் வைத்துவிட்டு மாமாவோடு பேச்சில் இருந்துவிட்டேன். ரப்பர். "சைக்கிள் டியூப் நல்லாத்தான் இருக்கு மாப்ள," என்று அவரே முழுக்கச் சாப்பிட்டுவிட்டார்.

டிசம்பர் 30

கூழிலேயே புரையேறிவிட்டது. அக்காவின் முகம் சிவந்து, கண் பிதுங்கி — ஐயோ, கொஞ்ச நேரம் எனக்கும் மூச்சு வரலை. மீன் அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

"வாங்கலேன்னா உன்னோட பேச மாட்டேன்."

பேசுவதே பாதி காற்று. அதையும் நிறுத்தப் போகிறாளாம்.

டிசம்பர் 31

மீன்காரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். இருந்ததிலேயே அழகான கொடுவாயை எடுத்து, "இது பஞ்சு மாதிரி வேகும், பயப்படாத," என்றார்.

வீட்டுக்கு வந்தால் எந்தப் பாத்திரத்திலும் அடங்கவில்லை. தலை உள்ளே போனால் வால் வெளியே. முழு மீன் கேட்டாளே! வேறு வழி? இரண்டாக வெட்டி வேகவைத்து, தட்டில் ஒட்டவைத்து, வெட்டின இடத்தை எலுமிச்சைத் துண்டுகளால் மறைத்தேன். மேசையில் வைத்ததும் அக்கா ஒரு துண்டை விரலால் நகர்த்தினாள்.

"மீனுக்கும் ஆபரேஷனா?"

மாமா சிரித்த சிரிப்பில் தண்ணீர் கொட்டிப்போனது.

லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது மாட்டும் டார்ச்சை நெற்றியில் கட்டிக்கொண்டு, வயிற்றுப் பக்கத்துச் சதையை விரலால் தடவித் தடவி முள் பார்த்தேன். நகத்தளவு எடுத்துக் கொடுத்தேன். வாயில் வைத்துக்கொண்டே இருந்தாள். விழுங்க மாட்டேன் என்கிறாளே. மாமா பாதி எழுந்து நின்றார். பிறகு அவள் தொண்டை மெல்ல அசைந்தது. இருமல் வரும், வரும் என்று நின்றோம்.

வரவில்லை.

"உப்பு கம்மி," என்றாள்.

மாமா முகம் கழுவப் போனவர் ரொம்ப நேரம் வரவில்லை. அதற்குள் அவள் நாலு வாய் சாப்பிட்டிருந்தாள்.

ஜனவரி 1

காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். மிச்சத்தை முள் பார்த்து உதிர்த்து வைத்திருந்த கிண்ணம் காலி. மாமாவைக் கேட்டேன், சத்தியமாக நானில்லை என்றார்.

அக்கா ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.