ஆறாங்கிளாஸ் காடு

சாத்தூர்
27 ஏப்ரல், ஞாயிறு மாலை

அன்புள்ள அருணாதேவிக்கு,

வினோலியா எழுதுவது. நீயும் வீட்டில் எல்லாரும் சுகம் என்று நம்புகிறேன்.

உன் தம்பி ஏன் காட்டில் விவசாயத்தை விட்டுவிட்டுப் பட்டாசுக் கம்பெனிக்குப் போனான் என்று போனில் கேட்டாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குள் அது வேறு கேள்வியாகிவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் அவன் நிலத்தின் மண் அட்டையில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அருள்பாண்டி இன்று உயிரோடு இருப்பானா? எனக்குத் தெரியவில்லை. கம்பெனி வெடிவிபத்தில் அவன் போய் நாற்பத்தோரு நாளாகிறது. யோசித்துப் பார்த்துவிட்டேன், தெரியவில்லை. தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன்.

முதலில் வீட்டுச் செய்தி. பதினாறாம் நாள் காரியத்தை உன் சித்தப்பா ரத்தினசாமி முன்னின்று நடத்தினார். நீ வரமுடியாததை யாரும் குறையாகப் பேசவில்லை. ஆக்லாந்திலிருந்து எத்தனை விமானம் மாறி வரவேண்டும் என்று அவரே எல்லாருக்கும் விளக்கினார், ஒன்றிரண்டு கூட்டியே சொன்னார். அருளின் மகள் பிளஸ் டூவில் கடைசி இரண்டு பரீட்சைகளையும் எழுதிவிட்டாள். பொன்னுத்தங்கம் நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். புருஷனின் வேலைச் சட்டைகளைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். அலுமினியத் தூளின் வெள்ளிக் கறை மட்டும் போகவில்லை.

இனி நான் எழுத வந்தது.

விடுதியில் மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தும் என் படிப்பைப் பற்றி உன்னிடம் பேசியதில்லை. நீ கணக்குப் படித்தவள், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். கிராமம் கிராமமாக மண் எடுத்து நிலங்களை வகைப்படுத்தும் வேலைக்கு அப்போது என்னைப் போட்டிருந்தார்கள். உங்கள் ஊர்ப் பட்டியலில் அருள் பெயரைப் பார்த்ததும் நானே கிளம்பிப் போனேன். உங்கள் நாலு ஏக்கர், கரிசல் முடிந்து தரை மேடேறுகிற இடத்தில் கிடக்கிற செவக்காடு. மேட்டுச் செம்மண்ணில் எல்லாம் ஆழத்தைப் பொறுத்தது. மேலே நின்று பார்த்தால் ஒரே சிவப்பு. கீழே ஓரிடத்தில் ஒன்றரை அடியில் சுக்கான் தட்டும்; கொஞ்சம் தள்ளிப் போனால் நாலடிக்கு மண் இருக்கும். சுண்ணாம்பு இறுகிக் கல்லாகிப்போன அந்தச் சுக்கானில் வேரும் இறங்காது, தண்ணீரும் இறங்காது.

கிழக்கே ரோட்டோரமாகக் குழி போட்டோம். ஜீப் அதுவரைதான் போகும். ஒன்றரை அடியில் கடப்பாரை ணங்கென்று நின்றது. அமிலம் ஒரு சொட்டு விட்டேன், சுண்ணாம்பு பொங்கியது. அருள் மேற்கே கைகாட்டி, அங்கன ஒரு குழி போடுங்கக்கா, அது வேற மண்ணு என்றான். மணி பன்னிரண்டரை. வைகாசி வெயில். இன்னும் இரண்டு ஊர் பாக்கி இருந்தது. இந்த அளவு நிலத்துக்கு ஒரு குழி போதும், விதி அப்படித்தான் என்றேன். விதி அப்படித்தான். ஆனால் மண் மாறுகிறது என்ற சந்தேகம் வந்தால் இரண்டாவது குழி போடவேண்டும் என்பதும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. எனக்குச் சந்தேகம் வரவில்லை. அவன் பேச்சை நான் சந்தேகத்தில் சேர்க்கவில்லை.

நாலு ஏக்கருக்கும் சேர்த்து எழுதினேன்: ஆழமற்ற செம்மண், அடியில் சுக்கான், நிலத்திறன் வகுப்பு ஆறு. நிலத்தை எட்டு வகுப்பாகப் பிரிப்போம். முதல் நாலும் உழவுக்கு. ஆறாவது ஆடு மாடு மேய.

அட்டை கையில் கிடைத்த அன்று அருள் போன் செய்து சிரித்தான். "என்னக்கா, என் காடு ஆறாங்கிளாசோட நின்னுபோச்சா? நானாவது பத்து வரைக்கும் போனேன்" என்றான். நானும் சிரித்தேன். ஊரில் அந்தப் பெயர் நின்றுவிட்டது. டீக்கடையில் அவனைக் கண்டால், ஏலே, ஆறாங்கிளாசு வாறான், பெஞ்சுல இடம் விடுங்க என்பார்களாம். அந்தப் புரட்டாசியில் அவன் விதைக்கவில்லை. தை பிறந்ததும் கம்பெனி வேனில் ஏறினான். வெடிமருந்து கலக்கிற அறையில் நிதானமான ஆள் என்று பெயர் வாங்கினான். நான் எப்போதாவது போன் செய்தால், வெயில்ல நிக்காம நிழல்ல வேலைக்கா என்பான். அதையும் நான் நம்பினேன், நம்புவது சௌகரியமாக இருந்ததால்.

போன வியாழக்கிழமை பொன்னுத்தங்கம் என் அலுவலகத்துக்கே வந்தாள். பாலிதீன் உறையில் அந்த அட்டை இருந்தது. அருள் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தானாம். அதே கம்பெனியில் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காகிதக் குழாய் ஒட்டுவது, மருந்துப் பக்கமே போகவேண்டாம் என்றாள். எந்த அறையில் மருந்து இருக்கிறது, எந்த அறையில் இல்லை என்பதெல்லாம் தீப்பொறிக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும். திங்கட்கிழமை முதல் வேன் வருமாம். போவதற்கு முன் ஒன்று தெரியவேண்டும் என்றாள்.

"அந்தக் காட்டுல நெசமாவே ஒண்ணும் வெளையாதாக்கா? வெளையும்னா சொல்லுங்க, நான் வேன்ல ஏறல."

நாளை விடியும் முன் மேற்கே குழி போடுகிறோம். பக்கத்துக் காட்டுக்காரர் தங்கச்சாமி வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அருணா, இதை உன்னிடம் மட்டும்தான் எழுத முடியும். நான் ஜெபிக்கிற பழக்கத்தை விட்டு இருபது வருஷமாகிறது. இன்று காலை கோயில் ஆராதனையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, மேற்கேயும் சுக்கான் இருக்கவேண்டும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். இருந்தால் நான் எழுதியது சரி. இருந்தால் அவள் வேனில் ஏறவேண்டும். அவள் ஏறினாலும் பரவாயில்லை என்று ஒரு நிமிஷம் இருந்திருக்கிறேன் என்பதுதான் இதற்கு அர்த்தம். அடுத்த நிமிஷம் வேண்டாம் என்று மாற்றிக் கேட்டேன். முதலில் கேட்டது முதலில் கேட்டதுதான்.

மண் நன்றாக இருந்தால் அவளிடம் மறைக்கமாட்டேன். அன்று அருள் கேட்டதையும் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்ப்பாளா தெரியாது. நீ என்னோடு பேசாமல் போனாலும் அது நியாயம். ஆனால் அவளோடு பேசு. வாரம் ஒரு தடவையாவது கூப்பிடு. மதினி குரல் அவுக குரல் மாதிரியே இருக்கும் என்று ஒருநாள் உன்னைப் பற்றிச் சொன்னாள். கடிதத்தின் முடிவில் அம்மா எழுதுகிற வேத வசனம் எனக்கு வராது. நீங்கள் பத்திரமாக இருங்கள், எல்லாரும்.

உன்
வினோலியா

திங்கள், காலை பத்து மணி

கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

ஐந்து மணிக்குத் தொடங்கினோம். தங்கச்சாமி வெட்டினார். பொன்னுத்தங்கம் இரும்புச் சட்டியில் மண்ணை அள்ளி வெளியே கொட்டினாள். ஒன்றரை அடியில் கடப்பாரை சத்தமில்லாமல் இறங்கியது. இரண்டரையில் மண் இன்னும் சிவந்தது. மூன்றரையில் கையில் பிடித்தால் பிடி நின்றது. சித்திரையில் அந்த ஈரம். அமிலம் விட்டேன், நுரைக்கவில்லை. நாலேகால் அடியில்தான் சுண்ணாம்பு வந்தது, அதுவும் மாவாக. மூன்றாம் வகுப்பு. கடலை போடலாம், துவரை போடலாம். மேற்கே இரண்டரை ஏக்கராவது இப்படித்தான் இருக்கும்.

அவளிடம் சொன்னேன். நல்ல மண், அன்றைக்கு அருள் கேட்டும் நான் இங்கே குழி போடவில்லை, தப்பு என்னுடையது என்றேன். தங்கச்சாமி கடப்பாரையைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் குழியோரத்தில் உட்கார்ந்தாள்.

"அவுக என்கிட்டயும் சொன்னாகக்கா. மேக்கால மட்டும் வெதச்சுப் பாப்பமான்னு. நாந்தான், படிச்சவுக எழுதினதுக்கு மேல ஒங்களுக்குத் தெரிஞ்சுபோச்சான்னு கேட்டேன்."

அமிலப் புட்டியை மூடிப் பையில் வைத்தேன்.

ஆறே முக்காலுக்கு ரோட்டில் வேன் ஹாரன் அடித்தது. போகாதே, விளையும் என்றால் ஏறமாட்டேன் என்று நீதானே சொன்னாய் என்றேன். மழைக்கு ஐப்பசி வரணும்க்கா, அதுவரைக்கும் அடுப்பெரியணும்ல என்றாள். சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். தங்கச்சாமியின் வாளித் தண்ணீரில் கை கழுவினாள். வேனில் ஜன்னலோரம் ஒரு இடம் விட்டு வைத்திருந்தார்கள். ஏறி உட்கார்ந்த பிறகு, குழியை மூடிறாதீக, மக பாக்கட்டும் என்றாள்.

வேன் சிவகாசி ரோட்டில் திரும்பிப் போய்விட்டது.