பொட்டு வைத்த கண்

இராஜபாளையம்,
2.11.1993

அன்பு மகள் வெள்ளைத்தாய்க்கு, அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் தம்பியும் சுகம். என் சுகத்தைப் பாதி என்று வைத்துக்கொள், மீதிப் பாதி உன் பதிலில் இருக்கிறது. பெங்களூரில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். எம்.இ. முடித்த கையோடு அங்கேயே தங்கி குவாண்டம் ஆராய்ச்சி செய்யப் போவதாகவும், இன்னும் இருபது முப்பது வருஷத்தில் இன்ஜினியர்கள் எலெக்ட்ரானை ஒவ்வொன்றாகப் பிடித்து வேலை வாங்குவார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் பிரித்தே கம்பி சுற்றும் வைண்டிங் வேலை படித்தவன், ஒரு வாத்தியார் எனக்குச் சொல்லித் தரவில்லை. கேட்கிறேன், இருபது வருஷம் கழித்து வரப்போகும் வேலைக்கு இன்றைக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? எங்கள் மில் மேனேஜர் சுயம்புலிங்கம், எலெக்ட்ரிகல் இன்ஜினியர் இடத்தை உனக்காகத் தீபாவளி வரைக்கும் வைத்திருக்கிறார். தானாக வந்த இடம் இல்லை, அவர் அறை வாசலில் ஏழெட்டு முறை நின்று நான் கேட்டு வாங்கியது. தீபாவளிக்கு இன்னும் பதினொரு நாள்தான். 

இதற்கு நடுவில் இங்கே ஒரு அவமானம் நடந்துவிட்டது, அம்மா கூட்டிக் குறைத்து எழுதும் முன் நானே எழுதிவிடுகிறேன். ஆயுத பூஜைக்கு மில்லில் எல்லா மிஷினுக்கும் நான்தான் சந்தனப் பொட்டு வைப்பேன் என்பது உனக்குத் தெரியும். இந்த வருஷம் நூலைக் கோனில் சுற்றும் புது மிஷின் வந்திருக்கிறது, ஒரே நேரத்தில் அறுபது கோன் சுற்ற அறுபது தலை. ஒவ்வொன்றிலும் நூல் ஓடும் வழியில் ஒரு சின்னக் கண் உண்டு, ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் அந்த வெளிச்சத்தைப் பார்க்கும் எலெக்ட்ரானிக் சில்லு, நூல் தடித்தால் தானே வெட்டிவிடும். மிஷினுக்கு முக்கியமான இடம் அதுதானே என்று அறுபது கண்ணிலும் நடுவில் பார்த்துச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டேன். மறுநாள் ஓட்டினால் அறுபதிலும் சிவப்பு விளக்கு, ஒரு நூல் நகரவில்லை. மாரிச்சாமி என்னிடம் தொழில் பழகியவன், அவன் நூல் சுற்றும் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும், "ஏ புள்ளைகளா, வந்து பாருங்க, அண்ணாச்சி மிஷினுக்குக் கண்ணக் கட்டி கண்ணாமூச்சி ஆடுதாரு" என்றான். மேனேஜர் நேராக என்னிடம் வந்தார். இருபத்தெட்டு வருஷம் என் இடுப்பில் கிடந்த, மில்லுக்கே கரண்ட் பிரியும் பேனல் ரூம் சாவியைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார். சாமிக்குச் செய்ததில் என்ன தப்பு என்று இன்றைக்கும் கேட்பேன். கண்ணில் பொட்டு வைக்காதே என்று எவன் எழுதி ஒட்டினான்?

கோயம்புத்தூரிலிருந்து பொன்னுராஜ் என்று கம்பெனி ஆள் வந்து ஸ்பிரிட் போட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தான். நான் அவனை விடவில்லை, இது எப்படியடா பார்க்கிறது என்று கேட்டேன். "வெளிச்சம் தண்ணி மாதிரி ஊத்தறதில்லீங்க, கம்பு மாதிரி மணி மணியாச் சிந்துதுங்க, ஒவ்வொரு மணியும் ஒரு எலெக்ட்ரானைத் தட்டி விடுதுங்க" என்றான். அது ஏன் மணியாக விழுகிறது, தட்டினால் எலெக்ட்ரான் ஏன் கிளம்புகிறது என்றேன். தலையைச் சொறிந்தான். "அதெல்லாம் குவாண்டமுங்க. எனக்கு போர்டை மாத்தத்தானுங்க தெரியும்" என்றான்.

உன் வாயில் கேட்ட வார்த்தை அவன் வாயிலும் வந்துவிட்டது. இருபது வருஷம் கழித்து வரும் என்று நீ சொன்னது இங்கே என் ஷெட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது, அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவன் மில்லில் ஒருவனும் இல்லை, துடைக்க வந்தவனுக்கும் தெரியவில்லை. பிரித்துக் கட்டத் தெரியாத மோட்டாரை நான் ஒருநாளும் ஓட்டியதில்லை.

நான் சம்மதித்துவிட்டேன் என்று நினைக்காதே. உன் பிழைப்பை நினைத்து என் பயம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் மேனேஜரிடம் இன்னும் வருவாள் என்றும் சொல்லவில்லை, வரமாட்டாள் என்றும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் பொய் இல்லாமல் எழுது. பொன்னுராஜ் தலையைச் சொறிந்த இடத்திலிருந்து நீ எனக்கு விளக்கிச் சொல்ல முடியுமா? முடியும் என்றால் தீபாவளிக்கு வந்து வேலையில் சேர். முடியாது என்றால் அது முடிகிற வரைக்கும் அங்கேயே இருந்து படி. அரைகுறையாக வந்து போர்டு மாற்றுகிற இன்னொரு ஆளாக என் மில்லில் நிற்காதே. மேனேஜருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. ஆண்டாள் தாயார் உனக்குத் துணையிருப்பாள், போன வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போய் உன் பேருக்கு அர்ச்சனை செய்தேன். மறக்காமல் ஒரு காரியம் செய், உங்கள் லேபிலும் பூஜை போட்டிருந்தால் கருவிகளை ஒரு தடவை துடைத்துப் பார்.

இப்படிக்கு,
உன் அப்பா
சோ. சமுத்திரம்