இரண்டாவது சரணம்

6 ஆகஸ்ட் 2025, புதன்

காலை நடை இருபத்தைந்து நிமிடம். பிரஷர் மாத்திரை போட்டாயிற்று. முருங்கையில் கம்பளிப்பூச்சி, சாம்பல் தூவ வேண்டும்.

பாட்டைச் சுத்தமாக நகல் எடுத்தேன். ஒரு பல்லவி, இரண்டு சரணம். கடிகாரம் வைத்துப் பாடியதில் நான்கு நிமிடம் பத்து விநாடி. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாதா கோயில் மைதானத்தில் நடக்கும் இலவச இசை மாலையில் ஆளுக்கு ஐந்து நிமிடம் தருகிறார்கள். ஐம்பது விநாடி மிச்சம் இருக்கிறது.

முதல் சரணம் மாதாவுக்கு. இரண்டாவதில்தான் என் மனைவி லூர்து வருகிறாள், பெயரோடு. ஆறு வருடமாக அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்து இதையேதான் சொன்னாள்: "வீட்டுக்குள்ள பாடுறத அங்கன ஏறிப் பாடுனா என்ன? யாரும் கடிச்சா திங்கப் போறாக?" பத்தாம் தேதியோடு அவள் போய் ஒரு வருடம்.

எழுபத்துநான்கு வயதில் மேடை. தேவையா? பெயர் கொடுத்துவிட்டேன். இனிப் பின்வாங்கினால் அதுவும் கேவலம்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

பாதிதான் பாடினேன்.

11 ஆகஸ்ட், திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. வரிசையாக எழுதினால் ஒருவேளை விளங்கும்.

ஏழு பத்துக்கு ஏறினேன். செருப்பை மேடை ஓரத்தில் கழற்றி வைத்தேன். பல்லவி சரியாக வந்தது. முதல் சரணத்தில் கொஞ்சம் இழுத்துவிட்டேன் – ஒத்துக்கொள்கிறேன். பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் நடன உடுப்போடு காத்து நின்றார்கள். இரண்டாவது சரணத்துக்கு மூச்சு எடுத்து வாயைத் திறந்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மைக் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைத் தட்டினேன். இரண்டு முறை தட்டினேன். அப்போது வேறொரு மைக்கில் ஜெபமணியின் குரல் வந்தது: "சாருக்குக் களைப்பாயிருச்சு. வயசாகுதுல்ல. ஒரு கைதட்டுக் குடுத்து எறக்கி விடுவோம்."

சிலர் சிரித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். சிரிப்பைவிட அது மோசம்.

ஜெபமணி பாடகர் குழுவின் தலைவன், உரக்கடை வைத்திருக்கிறான், என்னைவிடப் பதினாறு வயது இளையவன். மைக் செட்டுக்குப் பக்கத்தில் நின்று அவன்தான் சத்தத்தைக் குறைக்கும் பொத்தானைக் கீழே இழுத்திருக்கிறான். இறங்கும்போது அவன் விரல் அதன்மேல் இருந்ததைப் பார்த்தேன். செருப்பை மறந்து வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்தேன். எதிர் வீட்டு அக்கம்மாள் இன்று காலை கொண்டுவந்து கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு நன்றி.

அவள் பெயர் வரவே இல்லை. லூர்து பெயரைச் சொல்கிறேன். இன்னும் ரெண்டு நிமிசம். ரெண்டே நிமிசம் விட்டா அவனுக்கு என்ன கொறஞ்சு போகும்? பாவி. விட மாட்டேன்.

விட மாட்டேன் என்று எழுதிவிட்டேன். என்ன செய்வேன்? தெரியவில்லை.

19 ஆகஸ்ட், செவ்வாய்

ஒரு வாக்கியம் தயார் செய்தேன்: ‘நீ செய்தது சரிதானா என்று உன் மனசாட்சியைக் கேட்டுப் பார்.’ கண்ணாடி முன்னால் எட்டு முறை சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அவன் கடைக்குப் போனேன்.

"வாங்கண்ணே, என்ன வேணும்?" என்றான்.

வேப்பம் புண்ணாக்கு ஒரு மூட்டை என்றேன்.

23 ஆகஸ்ட், சனி

மறுபடி போனேன். இரண்டாவது மூட்டை.

6 செப்டம்பர், சனி

மூன்றாவது. இனி அந்தக் கடைக்குப் போகக் கூடாது.

14 செப்டம்பர், ஞாயிறு

இசை மாலை. போகவில்லை. சன்னல்களைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன், ஆனாலும் கேட்டது. கூம்பு ஒலிபெருக்கி கட்டினால் கேட்காமல் என்ன? ஜெபமணி மூன்று பாட்டுப் பாடினான். ஒன்றிலும் யாரும் மைக்கை நிறுத்தவில்லை. நன்றாகவும் பாடுகிறான். அதுதான் எரிகிறது.

18 செப்டம்பர், வியாழன்

முப்பத்துநான்கு வருடம் தாலுகா அலுவலகத்தில் ஊரார் மனுக்களைப் பிரித்துப் படித்தவன் நான். எந்த மனு குப்பைக்குப் போகும், எது மேசை மேசையாக நகரும் என்று எனக்குத் தெரியாதா? திட்டி எழுதினால் குப்பை. மூன்றே விவரம் தேதியோடு எழுதினால் யாராலும் ஒதுக்க முடியாது. ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி வாங்கவில்லை. தடை செய்த கூம்பைக் கட்டுகிறார்கள். படிக்கும் பிள்ளைகளுக்கு இடைஞ்சல். மூன்றும் உண்மை.

பெயர் போட மாட்டேன். தைரியம் உள்ளவன் போடுவான். தைரியம் இருந்தால் எனக்கு மூன்று மூட்டை புண்ணாக்கு எதற்கு?

24 செப்டம்பர், புதன்

தேனி போய் வந்தேன். இங்கே பக்கத்தில் டைப் அடித்தால் தெரிந்துவிடும். அல்லிநகரத்தில் முன்பின் தெரியாத கடையில் அடித்து அங்கேயே தபாலில் சேர்த்தேன். டைப் அடித்த பெண், "ஐயா, பேரும் அட்ரஸும் விட்டுப் போச்சே" என்றாள். வேண்டாம் என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். திரும்பும்போது பஸ்ஸில் வீரபாண்டி தாண்டும்வரை யாரோ கூப்பிடப் போகிறார்கள் என்றே இருந்தது.

25 செப்டம்பர், வியாழன்

காபி குடிக்கும்போது நினைவு வந்தது. மனுவின் தலையில், அலுவலக மனுக்களுக்குக் கட்டணமாக ஒட்டும் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறேன். பழைய கவரில் ஒன்று மிச்சம் இருந்தது; கை தானாக எடுத்து ஒட்டிவிட்டது. மொட்டைக் கடுதாசிக்கு எவனாவது ஸ்டாம்ப் ஒட்டுவானா? மடையன்.

4 அக்டோபர், சனி

பாவசங்கீர்த்தனத்துக்கு, செய்த பாவத்தைக் கோயில் ஃபாதரிடம் சொல்ல, வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது திரும்பி வந்துவிட்டேன்.

12 அக்டோபர், ஞாயிறு

நடக்கவில்லை. மனு விசாரணை முடிந்து அனுமதி கிடைக்கும்வரை ஒலிபெருக்கி கூடாது என்று காவல் நிலையத்தில் ஃபாதரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள்.

நடைப்பயிற்சி போவதுபோல் மைதானத்தை இரண்டு முறை சுற்றினேன். நாற்காலிகள் அடுக்கியபடியே இருந்தன. ஜெபமணி கேட் அருகே நின்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். ஒவ்வொருவரிடமும் அதே விளக்கம். பார்க்க நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்றே எழுதுகிறேன். இங்கேயும் பொய் எழுதி என்ன ஆகப் போகிறது?

அக்கம்மாள் கோயிலுக்கு வேறு எதற்கும் வருவதில்லை. அவளுக்கு அவள் குலசாமி. ஆனால் இசை மாலை ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. இன்றும் பூ வைத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்து என் வாசலில் நின்றாள்.

"எந்தச் சண்டாளனோ எழுதிப் போட்டுட்டானாம் சாரு. மாசத்துல அந்த ஒரு நேரந்தான் எனக்கு இடுப்பு வலி தெரியாது. பாட்டுப் படிச்சா இவனுக்கு எங்கன நோகுது? எழுதுன கை வெளங்குமா?"

நான் கையால் எழுதவில்லை, டைப் அடித்தது என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

27 அக்டோபர், திங்கள்

ஃபாதரும் ஜெபமணியும் வீட்டுக்கு வந்தார்கள். மனுவின் நகலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள். நிலையத்தில் எழுத்துமூலம் பதில் கேட்கிறார்களாம். அலுவலக நடையில் எழுதத் தெரிந்தவர் நீங்கள்தானே என்றார் ஃபாதர். என் மனுவுக்குப் பதில் எழுத என்னிடமே வந்திருக்கிறார்கள்.

ஜெபமணி ஸ்டாம்பின் மேல் விரலை வைத்தான். "எவனோ ரொம்ப ஒழுங்கான ஆளு போல. பொருள், பார்வை, எல்லாம் போட்டுருக்கான். மார்ஜின்கூடப் பிசகல."

தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். சொம்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சொல்லவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

30 அக்டோபர், வியாழன்

பதில் தயார். எங்காவது ஓட்டை வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒரு தேதியை மாற்றினால் போதும், விழுந்துவிடும். கை வரவில்லை. கூம்பு எடுக்கப்படும், பெட்டி மட்டும் வைக்கப்படும், மாதந்தோறும் முன் அனுமதி பெறப்படும். எந்த அதிகாரியும் மறுக்க முடியாத பதில். எழுதி முடித்ததும் ஒரு பெருமை வேறு. எனக்கே வெட்கமாக இருக்கிறது.

22 நவம்பர், சனி

நவம்பர் மாத இசை மாலையும் இல்லாமல் போன பிறகு, நேற்று அனுமதி வந்துவிட்டது. டிசம்பர் 14. அரையாண்டுத் தேர்வு நேரம் என்பதால் எட்டு மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும். நிறுத்துவதற்கு ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். கோயில் கூட்டத்தில் ஜெபமணிதான் என்னைக் காட்டினான்.

"சாரப் போடுங்க ஃபாதர். வாட்ச்சப் பார்த்து ஒரு வேலை செய்யணும்னா இந்த ஊருல அவுகதான்."

கையெழுத்துப் போட்டேன். பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பொத்தான் இனி என் கையில்.

7 டிசம்பர், ஞாயிறு

மைக் செட் ஒச்சாண்டி தன் கொட்டகையில் வைத்துச் சொல்லிக் கொடுத்தான். "மூணாவது கட்டதான் சார் பாடுறவுக மைக்கு. மேல தள்ளுனா ஊருக்கே கேக்கும். கீழ இழுத்தீகன்னா பொண்டாட்டிக்குக்கூடக் கேக்காது." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். பரவாயில்லை என்றேன்.

பத்து முறை இழுத்துப் பழகினேன். "மெதுவா இழுக்கணும் சார். படக்குன்னு இழுத்தா பாடுறவுகளுக்கு மொகத்துல அறைஞ்ச மாதிரி இருக்கும்" என்றான். குறித்துக்கொண்டேன்.

13 டிசம்பர், சனி

நிகழ்ச்சி நிரல் வந்தது. பதினோரு உருப்படி. கடைசியில் ஜெபமணி, அவனே இயற்றிய பாலன் பிறப்புப் பாட்டு, ஏழு ஐம்பத்துமூன்றுக்கு. பிள்ளைகளின் நடனம் ஒருநாளும் நேரத்துக்கு முடிந்ததில்லை. கூட்டிப் பார்த்தேன். எட்டு மணி அடிக்கும்போது அவன் இரண்டாவது சரணத்தில் இருப்பான். மறுபடி கூட்டினேன். அதேதான்.

படக்குன்னுதான் இழுப்பேன்.

14 டிசம்பர், ஞாயிறு

எட்டு மணி. இழுத்தேன்.

15 டிசம்பர், திங்கள்

ஏழு ஐம்பத்தாறுக்கு ஏறினான். பெங்களூரிலிருந்து அவன் மகள் வந்திருந்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்து போனில் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது சரணத்தின் முதல் வரி முடிந்தது. என் வாட்ச்சில் எட்டு.

அவன் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. நான் தட்டினதுபோல் அவனும் மைக்கைத் தட்டுவான் என்று காத்திருந்தேன். தட்டவில்லை. நேராக என்னைப் பார்த்தான், ஒருமுறை தலையசைத்தான், மைக்கைக் கம்பியில் மாட்டிவிட்டு இறங்கிவிட்டான்.

"சட்டம்னா சட்டந்தான்" என்றான் ஒச்சாண்டி, என் முகத்தைப் பார்க்காமல். அக்கம்மாள் மட்டும் எழுந்து வந்து, ஒரு நிமிடம் கூட விட்டால் ஸ்டேஷனில் தூக்கிலா போடுவார்கள் என்று கேட்டாள். அந்த மகள் போனை இறக்கி மடியில் கவிழ்த்து வைத்தாள். அதை நான் பார்த்திருக்க வேண்டாம்.

சந்தோஷமா? தெரியவில்லை. ஆனால் நேற்று அசந்து தூங்கினேன், நான்கு மாதத்தில் முதல் முறையாக. அதை மறைக்க மாட்டேன்.

17 டிசம்பர், புதன்

காலை பத்து மணிக்கு ஜெபமணி வந்தான். நான் உட்காரச் சொல்லவில்லை. வாசலுக்குள் அடுக்கியிருந்த புண்ணாக்கு மூட்டைமேல் அவனாகவே உட்கார்ந்தான். "பிரிக்கவே இல்ல போல" என்றான். பிறகு சொன்னான்:

"மொட்டைக் கடுதாசிக்கு ஸ்டாம்பு ஒட்டுற ஆளு இந்தத் தாலுகாவுலயே ஒருத்தருதான்ணே."

அவன் சண்டைக்கு வரவில்லை. அன்று பிள்ளைகளைப் பெற்றவர்கள் நெருக்கினார்களாம், அவசரப்பட்டுவிட்டானாம். நான் செருப்பில்லாமல் போனதைப் பார்த்தபோதே தப்பு என்று பட்டதாம்; வந்து சொல்ல வாய் வரவில்லையாம். கடைக்குப் போனபோதெல்லாம் நான் திட்டப் போகிறேன் என்று காத்திருந்தானாம். நான் மூட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டேனாம்.

"அதான் ஒங்க பேரக் குடுத்தேன். எம் பாட்டக் கடைசியில வச்சதும் நாந்தான். இழுப்பீகன்னு தெரியும். இப்பச் சரியாப் போச்சா?"

கோபம் தலைக்கு ஏறியது. அப்ப அதுவும் அவன் குடுத்ததா? நானா எடுத்துக்கிட்டேன்னு நெனச்சேனே. எழுந்து நின்றேன். கண்ணாடி முன் பழகிய வாக்கியம் வரவில்லை. வேறு வந்தது.

"அவ பேரு ரெண்டாவது சரணத்துலதான்டா இருந்துச்சு."

முதலில் அவனுக்கு விளங்கவில்லை. பிறகு சுவரில் இருந்த லூர்துவின் படத்தைப் பார்த்தான். முகம் இருண்டுவிட்டது. "அது எனக்குத் தெரியாதுண்ணே" என்றான். மூட்டையிலிருந்து எழுந்திருக்க முடியாமல் அப்படியே இருந்தான். மைக்கை நிறுத்தியபோது அவனுக்கு வலிக்காதது இப்போது வலித்தது. நான் கண்ணை எடுக்கவில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

20 டிசம்பர், சனி

பாவசங்கீர்த்தனம். இந்த முறை கடைசிவரை நின்றேன். எல்லாவற்றையும் தேதி வரிசையில் சொன்னேன். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஃபாதர், ஸ்டாம்ப் எதற்கு என்று மட்டும் கேட்டார்.

2 ஜனவரி 2026, வெள்ளி

ஒரு மூட்டையைப் பிரித்து முருங்கைக்கு வைத்தேன்.

ஒச்சாண்டி ஒரு தாள் கொண்டுவந்தான், ஜெபமணி கொடுத்தனுப்பியது. ஜனவரி மாத நிரல். மூன்றாவதாக என் பெயர். எல்லோருக்கும் ஐந்து நிமிடம் என்று போட்டிருந்தது. எனக்கு நேரான கட்டம் மட்டும் காலி. பென்சிலால் நான்கு நிமிடம் பத்து விநாடி என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.

11 ஜனவரி, ஞாயிறு

பாடினேன். இன்று பொத்தான் பக்கம் ஜெபமணி.

முதல் சரணத்தில் மறுபடியும் இழுத்துவிட்டேன். ஐந்து நிமிடம் தாண்டியிருக்கும், வாட்ச்சைப் பார்க்கவில்லை. இரண்டாவது சரணத்தில் அவள் பெயர் இரண்டு இடத்தில் வரும். இரண்டு முறையும் நான் கூட்டத்தைப் பார்க்கவில்லை, மாதாவையும் பார்க்கவில்லை. அவன் கையைத்தான் தேடினேன். பாட்டு முடியும்வரை அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.