டீக்கடையில் போட்ட எக்நாக்

மாமல்லபுரம்
டிசம்பர் 28

அன்பு மகள் ரேணுகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் திருப்போரூர் முருகன் புண்ணியத்தில் சௌக்கியம். அங்கே ஹாலிஃபாக்ஸ் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் நீ நாற்பது வார்த்தை சொல்கிறாய், நடுவில் லைன் வேறு கட்டாகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான். ஒரு பெரிய சந்தோஷ சேதி இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிட்டால் ருசி போய்விடும், வரிசையாகவே சொல்கிறேன், கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்காதே.

கார்த்திகை மாசம் உன்னிடம் நான் அழுதது நினைவிருக்கும். நம் கடை இருக்கிற மூலை கெஸ்ட் ஹவுஸ்காரர்களுடையது, பதினோரு வருஷமாக அவர்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டித்தான் அடுப்பு வைத்திருக்கிறோம். இப்போது முதலாளிக்கு உடம்பு முடியவில்லை என்று அவருடைய அக்கா மகன் கோதண்டராமன் மேனேஜராக வந்திருக்கிறான். வந்த பத்தாம் நாளே, "அக்கா, பொங்கலுக்கு அப்புறம் இந்த எடத்துல காபி மிஷின் வைக்கப் போறேன், மெட்ராஸ்லேர்ந்து மாஸ்டர் வரான், நீ வேற எடம் பாத்துக்கோ" என்றான். வேறு இடம் என்ன சந்தையிலா விற்கிறது. உன்னிடம் சொன்னதற்கு நீ, "வுட்டுத் தள்ளும்மா, நின்னு நின்னு கால் வீங்கினது போதும், கடைய மூடிட்டு நைனாவ இட்டுகினு என்னாண்ட வந்துரு, டிக்கெட் போட்டுர்றேன், அப்புறம் நீ திரும்பியே போவ வேணாம்" என்றாய். ஆசையாகத்தான் சொன்னாய், எனக்குத் தெரியாதா. ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அது ஏன் என்று உன்னிடம் அப்போது சொல்லவில்லை, இந்தக் கடிதத்தில் சொல்கிறேன், பொறு.

இருபத்து நாலாம் தேதி காலை பதினோரு மணி இருக்கும். கோதண்டராமன் கடைக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டான். உன் நைனாதான் மெதுவாகப் பேச்சுக் கொடுத்து வாயைப் பிடுங்கினார். கெஸ்ட் ஹவுஸில் கனடா, அமெரிக்கா என்று பதினெட்டுப் பேர் வந்து தங்கியிருக்கிறார்கள், சாயந்திரம் ஆறு மணிக்குக் கிறிஸ்துமஸ் விருந்து, அதில் எக்நாக் தருகிறோம் என்று வாசலில் பெரிய போர்டாக எழுதி வைத்துவிட்டான். அதைப் போட வேண்டிய மெட்ராஸ் மாஸ்டர் வேறு ஏதோ பார்ட்டிக்குப் போய்விட்டு, போனையும் அணைத்துவிட்டான். "மானம் போச்சு அண்ணாத்த, வந்தவங்கள்ல அந்த மார்கரெட் அம்மா மூணு நாளா அதையே கேட்டுகினு கீறாங்க" என்று புலம்பினான். அப்படி என்ன அதிசயப் பண்டம் என்று கேட்டேன். பால், முட்டை, சர்க்கரை போட்டுக் குடிக்கிறது என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாலும் சர்க்கரையும் என் கையிலேயே பதினோரு வருஷமாக இருக்கிறது, முட்டை ஒன்றுதானே புதுசு. நானே போட்டுத் தருகிறேன் என்றேன். "அக்கா, இது டீ இல்லக்கா" என்று சொல்லி ஒரு சிரிப்புச் சிரித்தான் பார், அதில்தான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆறு மணிக்குப் பதினெட்டுப் பேருக்கும் நான் கொடுக்கிறேன், அவர்கள் முகம் சுளித்தால் பொங்கல் வரைக்கும்கூட வேண்டாம், நாளைக்கே அடுப்பைத் தூக்குகிறேன், நல்லா இருக்கு என்று சொன்னால் இந்த மூலை எனக்குத்தான், மிஷின் வரக்கூடாது என்றேன். அவனுக்கு வேறு வழி இல்லை, சரி என்று தலையாட்டினான். உன் நைனா என்னை ஒரு பார்வை பார்த்தார், நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

சொல்லிவிட்டேனே தவிர உள்ளுக்குள் உதறல்தான். ஒன்று, நான் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இரண்டு, நான் மாலை போட்டிருக்கிறேன். உனக்கு அந்த ஊரிலேயே நிரந்தரமாக இருக்கச் சீட்டு கிடைத்தால் தைப்பூசத்துக்குத் திருப்போரூரில் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தேனே, அதுதான் கிடைத்துவிட்டதே, அதற்கு நாற்பத்தெட்டு நாள் விரதம். முட்டையை நாக்கில் வைக்க முடியாது. ருசி பார்க்காமல் ஒரு பண்டத்தை முதல் தடவையாகச் செய்து வெள்ளைக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும். கடையில் இருக்கிற முருகன் படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, முருகா, விரதம் என் வாய்க்குத்தான், கைக்கு இல்லை, மன்னித்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். நம் கடையில் டீ குடிக்கிற ஐயப்ப சாமிமார்களுக்குத் தீட்டாகிவிடக் கூடாது என்று அன்றைக்கு மதியத்தோடு டீ கிடையாது என்று சொல்லிவிட்டு, பாத்திரம், ஜக்கு, கரண்டி எல்லாவற்றையும் கெஸ்ட் ஹவுஸ் சமையலறையில் இருந்தே வாங்கிக்கொண்டேன். எப்படிச் செய்வது என்று கோதண்டராமன் போனில் ஒரு படம் காட்டினான். ஒரு வெள்ளைக்காரன் கடகடவென்று பேசிக்கொண்டே செய்கிறான், கடைசியில் ஏதோ ஒரு கொட்டையைத் துருவித் தூவுகிறான். நான் அதைக் கொட்டைப்பாக்கு என்றே நினைத்துவிட்டேன். நல்ல வேளை, உன் நைனா போனை எடுத்துக்கொண்டு நாட்டு மருந்துக் கடைக்குப் போய்க் காட்டினார். ஜாதிக்காயாம். உனக்குக் குழந்தையில் வயிறு சரியில்லை என்றால் கல்லில் உரைத்து ஊற்றுவோமே, அதே ஜாதிக்காய். அதற்கு அந்த ஊரில் இவ்வளவு மவுசு.

முதல் தடவை ஒரு லிட்டர் பாலும் ஆறு முட்டையும் வைத்துச் செய்து பார்த்தேன். முட்டையை அடித்து, சர்க்கரை போட்டு, அடுப்பில் இருந்த பாலில் ஊற்றிக் கிண்டினேன். அப்புறம் என்ன செய்வேன், பால் பொங்கி வரட்டும் என்று காத்திருந்தேன். டீக்கடைக்காரிக்கு வேறு என்ன தெரியும், நம் கடையில் பால் அடுப்பை விட்டு இறங்கியதே இல்லை, பொங்காத பாலை யாருக்காவது ஊற்றினால் அது பாவம் என்று பழகிய கை இது. பால் பொங்கியது, கூடவே முட்டையும் திரிந்தது. எட்டிப் பார்த்தால் பாலில் முட்டைப் பொரியல் மிதக்கிறது. உன் நைனா பார்த்துவிட்டு, "இன்னாடி இது, பால்கோவாவா, ஆம்லேட்டா" என்றார். அவரை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. உடனே உனக்குப் போன் போட்டேன், நீ எடுக்கவில்லை, அங்கே விடிந்திருக்காது, நைட் டூட்டியில் இருந்திருப்பாய். மணி மூன்று. சத்தியமாகச் சொல்கிறேன் ரேணுகா, அப்போது பயந்துவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து நம் பாய்லரையே பார்த்துக்கொண்டிருந்தேன், நாளைக்கு இந்த நேரம் இது இங்கே இருக்காது என்றே மனசு சொன்னது.

பாய்லரைப் பார்த்தபோதுதான் புத்தி வந்தது. டிகாஷனை நாம் நெருப்பில் வைப்பதில்லை, பாய்லர் தலையில்தான் வைக்கிறோம், ஆவியிலேயே சூடாக இருக்கும், கொதிக்காது. முட்டைக்கும் அந்தச் சூடுதான் வேண்டும். அப்புறம் இன்னொன்று, ஆற்றுகிறது. கொதிக்கிற டீயைத் தலைக்கு மேலே தூக்கி ஊற்றினால் கீழே வருவதற்குள் வாய் பொறுக்கிற சூட்டுக்கு வந்துவிடும். அப்படியென்றால் பாலையும் ஆற்றியே முட்டையில் ஊற்றலாமே. இந்தத் தடவை மஞ்சள் கருவை மட்டும் எடுத்து, சர்க்கரை போட்டு ஜக்கில் வைத்து, உன் நைனாவைக் கீழே உட்கார வைத்து, மத்தைக் கையில் கொடுத்து, நிறுத்தினால் கொன்றுவிடுவேன் என்று சொல்லிவிட்டு, நான் நின்றுகொண்டு கைக்கு எட்டிய உயரத்தில் இருந்து பாலை நூல் மாதிரி விட்டேன். அவர் கடைய, நான் ஊற்ற, முகத்தில் எல்லாம் தெறித்தது, மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு கடைந்தார். ஒரு திப்பி இல்லை. அதை அப்படியே பாய்லர் தலையில் வைத்துக் கிண்டினேன். கெட்டியாகிக் கரண்டியில் ஒட்டியது. பால் கொதிக்கவே இல்லை, கை இறக்க மாட்டேன் என்கிறது, இன்னும் கொஞ்சம், ஒரே ஒரு பொங்கு என்று அடித்துக்கொள்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினேன். பதினோரு வருஷத்தில் நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

இனி ருசி. உன் நைனா குடித்துவிட்டு அருமை என்றார். அவர் சொல்வதை வைத்து என்ன செய்வது, கல்யாணம் ஆன நாளாக நான் கரியவிட்ட குழம்பையும் அருமை என்றே சாப்பிடுகிற மனுஷன். அப்போது புதுப்பட்டினத்துச் செங்கம்மாள் மீன் கூடையோடு வந்தாள். நம் டீயை நாள் தவறாமல் குடிப்பாள், நாள் தவறாமல் குறையும் சொல்வாள், அவளைவிட நல்ல நாக்கு எங்கே கிடைக்கும். ஒரு தம்ளர் கொடுத்தேன். முட்டை நாத்தம் கீதா என்று முதலில் மோந்து பார்த்தாள். குடித்தாள். தம்ளரை மறுபடி நீட்டினாள். இன்னா எப்படி என்று கேட்டால், "பேசாம ஊத்துடி" என்றாள். எனக்கு அது போதும்.

ஆறு மணிக்கு அந்தத் தோட்டத்தில் விளக்கெல்லாம் போட்டு, கடல் காற்று நன்றாக வீசுகிறது, நான் பச்சைப் புடவையும் மாலையுமாக ஜக்கோடு போய் நின்றேன். கோதண்டராமன் முகத்தில் ஈயாடவில்லை. இது ஐஸில் வைத்துக் கொடுப்பது, நீ சூடாகக் கொண்டு வந்திருக்கிறாயே என்று காதில் கிசுகிசுத்தான். பனியில் எவன் ஐஸ் கேட்பான் என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் எதிரில் ஜக்கைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு ஆற்று ஆற்றினேன். ஒரு கஜம் நீளத்துக்கு இறங்கி, தம்ளரில் நாலு விரல் நுரை நின்றது. மேலே ஜாதிக்காய்ப் பொடி. அந்த மார்கரெட் அம்மா வாங்கி ஒரு வாய் குடித்தாள், உதட்டுக்கு மேலே நுரை மீசை, கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் அவள் என்னவோ சொன்னாள், எல்லோரும் கை தட்டினார்கள். கோதண்டராமன் தமிழில் சொல்ல மாட்டேன் என்று மென்று விழுங்கினான், அவன் கையைப் பிடித்துச் சொல்லுடா என்றேன். இத்தனை வருஷத்தில் இந்த மாதிரி குடித்ததில்லையாம், இன்னொரு தடவை அப்படித் தூக்கி ஊற்றிக் காட்ட வேண்டுமாம். பதினெட்டுப் பேரும் தம்ளரைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அவர்கள் சாராயப் புட்டியைத் தனியாக வைத்து அதில் கலந்துகொண்டார்கள், அந்தப் பக்கம் நான் போகவில்லை. ஜக்கில் ஒரு சொட்டு மிச்சம் இல்லை. நான் மட்டும் இன்று வரை அதன் ருசி என்னவென்று தெரியாமல் இருக்கிறேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்தக் கூட்டம் முழுக்க நம் கடை பெஞ்சில் டீக்கு. அவர்களுக்குப் பின்னால் கோதண்டராமன். மெதுவான குரலில், "அக்கா, மிஷின் வேணாம்னு சொல்ட்டேன், நீயே இரு" என்றான். காதில் விழவில்லை, உரக்கச் சொல் என்றேன். செங்கம்மாளும் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். உரக்கச் சொன்னான். வாய் வார்த்தையை நம்புகிற ஆள் நான் இல்லை என்று உனக்குத் தெரியும், அன்று மதியமே முதலாளியிடம் போய் மூன்று வருஷத்துக்கு எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். இதுதான் நான் சொன்ன சேதி.

இப்போது சோறு இறங்காத காரணத்தைச் சொல்கிறேன். கடையை மூடிவிட்டு உன் வீட்டுக்கு வந்தால் நீ என்னைத் தங்கமாகப் பார்த்துக்கொள்வாய். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்பாய். ஆனால் காலையில் எழுந்தால் என்னைத் தேடி யாரும் வர மாட்டார்கள். யாருக்கும் நான் எதுவும் ஊற்றித் தர வேண்டியதில்லை. அந்த வீட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பது மாதிரி நினைத்துப் பார்த்தேன், அது நான் இல்லை, வேறு யாரோ கிழவி. நீ கோபித்துக்கொள்வாயோ என்று பயந்துதான் இத்தனை நாள் சொல்லவில்லை. உன்னைப் பார்க்க ஆசை இல்லாமல் இல்லை ரேணுகா, தினமும் பால் காயும்போது உன் நினைவுதான். அதனால் ஆனி மாசம் கூட்டம் குறைந்திருக்கும்போது நானும் நைனாவும் ஒரு மாசம் வருகிறோம், டிக்கெட் போடு. திரும்பி வரவும் சேர்த்தே போடு.

முருகன் அருளால் நீங்கள் இருவரும் நூறு வருஷம் நோய் நொடி இல்லாமல், கேட்டது கிடைத்து, மனசு நிறைந்து வாழ வேண்டும். பனியில் காதைக் கட்டாமல் வெளியே போகாதே, நைட் டூட்டிக்கு வெறும் வயிற்றோடு ஓடாதே. தைப்பூசம் பிப்ரவரி ஒன்றாம் தேதி, நீ அங்கே அன்றைக்கு ஒரு நாளாவது மீன், கறி என்று கவிச்சி தொடாமல் இரு, உனக்காகத்தான் நான் குடம் தூக்குகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
டீ மாஸ்டர் லதா