போனோலோவின் கண்ணுக்கு வைத்த பணம்

ஜூன் 13, செவ்வாய்

இலவசக் கண் முகாமிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். இருட்டோடு கிளம்பிப் போய் வரிசையில் ஏழாவதாக நின்றோம். நர்ஸ் என் பெண்டாட்டி போனோலோவின் விரலைக் குத்திப் பார்த்தார். பத்தொன்பது. ஏழுக்குள் இருக்க வேண்டிய சர்க்கரை.

"பத்துக்கு மேல இருந்தா டாக்டர் கண்ணத் தொட மாட்டாரும்மா. நீங்க கேக்கை விடுங்க, நாங்க புரையை எடுக்கறோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

அடுத்த கண்புரை முகாம் செப்டம்பர் 12. அதுவும் இடது கண் மட்டும். அதை விட்டால் அடுத்த வருஷம். ருஸ்டன்பர்க் தனியார் மருத்துவமனையில் இரண்டு நாள் படுக்க வைத்து, சர்க்கரையை இறக்கிவிட்டே செய்வார்களாம். ஒரு கண்ணுக்கு இருபத்தொன்பதாயிரம் ராண்ட். எங்களிடம் இருப்பது இருபத்தோராயிரம்.

திரும்பி வந்தபோது அவள் வீட்டுப் படியில் தடுக்கினாள். பதினெட்டு வருஷமாக ஏறுகிற படி.

ஜூன் 17, சனி

இன்று சாவு வீடு. அடக்கம் முடிந்ததும் இனிப்பு ஜிஞ்சர் பீரும் வாளி நிறைய டிக்குகு பிஸ்கட்டும். வேண்டாம் என்று கண்ணால் சாடை காட்டினேன். அவளுக்கு என் சாடை தெரியாது என்பதே மறந்துவிட்டது. நாலு சாப்பிட்டாள், நான் எண்ணினேன்.

"சாவு வீட்ல குடுத்தத வேணாம்னா செத்தவங்கள அவமதிக்கற மாதிரி, தெபாட்சோப்பா."

செத்தவர் கோபித்துக்கொள்வார். உன் கண் கோபித்துக்கொண்டால்?

ஜூன் 20, செவ்வாய்

பத்து வருஷம் நகராட்சிக்குத் தண்ணீர் மீட்டர் பார்த்தவன், இன்று ஏப்ரன் கட்டிக்கொண்டேன். அவளுக்குக் கேக் இல்லாமல் முடியாது. எனவே கேக்கைத்தான் மாற்ற வேண்டும். வேகவைத்த பீட்ரூட்டை அரைத்து, கோகோ, முட்டை, ஓட்ஸ் மாவு, சர்க்கரை கால் பங்கு. பிரவுனி.

"பீட்ரூட் ஞாயித்துக்கிழமைத் தட்டுல சோத்துக்குப் பக்கத்துல இருக்க வேண்டிய சாமான். அதக் கேக்ல போட்டது யாரு?"

"உன் புருஷன்."

"அதான் மண்ணு வாசன வருது."

உண்மையிலேயே மண் வாசனை வந்தது. நடுவில் வேகவும் இல்லை. இருந்தாலும் அரைத்துண்டு சாப்பிட்டாள்.

ஜூன் 29, வியாழன்

மூன்றாம் முறை சரியாக வந்துவிட்டது. பீட்ரூட்டை வேகவைக்காமல் தோலோடு சுட்டேன், ஒரு கரண்டி வினிகர் சேர்த்தேன். வியாழக்கிழமைப் பெண்கள் ஜெபத்துக்கு ஒரு டப்பா எடுத்துப் போனாள். திரும்பும்போது டப்பா காலி. செய்தது யார் என்று கேட்டதற்கு "டர்பன்ல இருக்கற எங்க பொண்ணு தெபாட்சோ அனுப்பினா" என்று சொல்லிவிட்டாளாம். புருஷன் சுட்டான் என்று சொல்ல வெட்கம். சரி, போகட்டும்.

ஜூலை 3, திங்கள்

ஃபோனில் டாலர்-ராண்ட் கரன்சி வியாபாரம்: ஆறு மாதத்தில் 212 ராண்ட் லாபம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். மூவாயிரம் போட்டேன், மூவாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கிறது. அதற்கு முன் நான்கு மாதம், பயிற்சிக்கென்று ஆப்பில் தரும் பொய்ப் பணத்தில் பழகியவன் நான். ஒரு தடவைக்கு நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் பணயம் வைப்பதில்லை. நஷ்டம் இவ்வளவு வந்தால் தானாக மூடிக்கொள்ளும் ஸ்டாப் லாஸ் போடாமல் ஒருநாளும் வாங்கியதில்லை, விற்றதில்லை. அமெரிக்க வேலைக் கணக்கு வெளிவந்து விலை கண்டபடி ஆடும் வெள்ளிக்கிழமையில் ஃபோனையே தொடுவதில்லை.

அக்கா மகன் ஒராட்டிலே வந்திருந்தான். கை நிறைய மோதிரம்.

"மாமா, இருநூத்திப் பன்னெண்டா? அத்தையோட பிரவுனிய ரோட்ல வித்திருந்தா அதவிடச் சம்பாதிச்சிருக்கலாமே! ஸ்டாப் லாஸ்லாம் கோழைங்க போடறது."

கோழைதான். கோழையிடம் இன்னும் மூவாயிரம் இருக்கிறது.

ஜூலை 19, புதன்

சர்க்கரை 14.

ஜூலை 28, வெள்ளி

நாளைக்கு நடக்கும் கல்யாணத்துக்காக, போனோலோ கூலிக்குத் தைத்துக் கொடுத்த நீல லெடெய்சித் துணிக் கவுன். இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்திருக்கிறாள். கல்யாணப் பெண்ணின் அம்மா வாசலில் நின்று, "மா போனோலோ, உங்கள நம்பித்தானே குடுத்தோம்" என்றார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார்.

போனோலோ உட்கார்ந்து விரலால் தடவித் தடவித் தையலைப் பிரித்தாள். நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். "இனிமே ஆர்டர் எடுக்கல" என்றாள். செப்டம்பர் வரை எப்படிப் பொறுப்பது? அன்றைக்கும் பதினொன்று காட்டினால்?

ஆகஸ்ட் 2, புதன்

கண்ணுக்கு வைத்த பணத்திலிருந்து ஒன்பதாயிரத்தை வியாபாரக் கணக்குக்கு மாற்றினேன். ஒரே ஒரு தடவை. எட்டாயிரம் வந்தால் போதும், ருஸ்டன்பர்க் போய்விடலாம். மூன்று வாரமாக மின்வெட்டு குறைந்திருக்கிறது, ராண்ட் ஏறும் என்று ஒராட்டிலே சத்தியம் செய்கிறான். எனக்கும் அப்படித்தான் படுகிறது. படுகிறதா, படவேண்டும் என்று ஆசையா?

ஆகஸ்ட் 4, வெள்ளி

அமெரிக்க வேலைக் கணக்கு இரண்டரைக்கு வெளிவரும். ஒன்றரைக்கு ராண்ட் ஏறும் என்று கட்டினேன். ஒரு டாலருக்கு 18.60 ராண்ட். வழக்கமாக எடுப்பதைப்போல் முப்பது மடங்கு. ஸ்டாப் லாஸ் போடவில்லை. சின்ன ஆட்டத்தில் வெளியே தள்ளிவிடும் என்று பயம். கோழையின் பயம் இப்போது அந்தப் பக்கம் போய்விட்டது.

எதையாவது செய்யலாம் என்று பிரவுனித் தட்டை அடுப்பில் வைத்தேன். அட்டவணைப்படி லேசான இரண்டாம் நிலை மின்வெட்டு, எங்கள் பகுதிக்கு ராத்திரிதான். ஒன்று ஐம்பதுக்கு ரேடியோவில் சொல்கிறார்கள் — உடனடியாக ஆறாம் நிலை. சரியாக இரண்டுக்கு எல்லாம் அணைந்தது. அடுப்பு, வைஃபை, எல்லாம். ஃபோனிலும் சிக்னல் இல்லை. ஃபோன் டவரின் பாட்டரியைப் போன மாதமே திருடிவிட்டார்கள்.

அப்போதுதான் உறைத்தது. மின்சாரம் இல்லை என்ற செய்தி கேட்டால் ராண்ட் விழும். ஒவ்வொரு தடவையும் விழுந்திருக்கிறது. எனக்குத் தெரியாதா? தெரியும்!

டவுனில் சிக்னல் இருக்கும் என்று வேன் ஸ்டாண்டுக்கு ஓடினேன். வேனில் பதினொரு பேர். பதினைந்து பேர் சேராமல் எடுக்க மாட்டான்.

"தம்பி, எடுப்பா."

"நாலு பேர் வரட்டும் மாமா."

"அந்த நாலு பேர் காசும் நான் தரேன், எடு!"

பின்சீட்டில் ஒரு பெண், "அடேயப்பா, இவருக்குக் கல்யாணத்துக்கு நேரமாச்சு போல" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேனா? ஞாபகமில்லை.

டவுனுக்குள் நுழையும்போது மூன்று பத்து. ஃபோன் உயிர் பெற்றது. டாலர் 18.86 ராண்டுக்கு ஏறியிருந்தது. பிணைப் பணம் போதவில்லை என்று தரகு நிறுவனமே என் பந்தயத்தை நஷ்டத்தோடு மூடியிருந்தது. பழையதையும் சேர்த்து பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் இருந்த இடத்தில் 4,890.

ஏழாயிரத்து முந்நூறு. ஐயோ, என்னடா பண்ணிட்ட.

வீட்டுக்கு வந்தால் பிரவுனி மேசையில் ஆறிக்கொண்டிருக்கிறது. அடுப்பு அணைந்த சத்தம் கேட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு சுவரைத் தடவியபடி பக்கத்து வீட்டுத் தூமியின் அம்மாவிடம் போயிருக்கிறாள். அங்கே கேஸ் அடுப்பு.

"நீங்க எங்க ஓடினீங்க? நான் இல்லன்னா கேக் போயிருக்கும்" என்றாள் பெருமையாக.

"சிக்னல் தேடி" என்றேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

ஏன் பேச்சே இல்லை என்று கேட்டாள். பல் வலி என்றேன். தாடையைத் தடவிப் பார்த்து, உப்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொப்புளித்தேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

மிச்சமிருந்ததை எடுத்து வங்கியில் போட்டேன். ஒராட்டிலே கூப்பிட்டான், எடுக்கவில்லை. அவனைத் திட்டி என்ன? அவன் விரலா அழுத்தியது?

ஆகஸ்ட் 22, செவ்வாய்

11.2. அவள் ஒன்றும் விடவில்லை, எல்லாவற்றையும் பாதியாக்கியிருக்கிறாள். சாவு வீட்டுக்குப் போகும்போது பையில் பிரவுனித் துண்டு ஒன்று. "எனக்கு டாக்டர் கேக் இருக்கு" என்கிறாளாம். இப்போது ஜெபத்துக்கு வரும் பெண்களிடம் புருஷன்தான் சுடுகிறான் என்று சொல்லியும் விட்டாளாம். அவள் என்னைப் புகழும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

செப்டம்பர் 11, திங்கள்

10.4. நாளைக்குப் பத்துக்குள் வர வேண்டும். தனியாருக்குப் பணமில்லை. இருந்ததும் குறைந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியாது. "இங்க முடியலன்னா மிச்சத்துக்குக் கடன் வாங்கி ருஸ்டன்பர்க் போயிடலாம், இல்ல?" என்றாள். "போயிடலாம்" என்றேன்.

செப்டம்பர் 12, செவ்வாய்

போன தடவை இருந்த அதே நர்ஸ். குத்தினார். கருவி ஐந்து வரை எண்ணிக் காட்டும், அந்த ஐந்து நொடியில் நான் சொல்லாத ஜெபமில்லை.

9.1.

"என்ன செஞ்சீங்க?" என்றார் நர்ஸ்.

"இவரு கேக் செஞ்சாரு" என்றாள் போனோலோ.

உள்ளே அழைத்துப் போனார்கள். நாற்பது நிமிஷம்.

செப்டம்பர் 13, புதன்

காலையில் கட்டைப் பிரித்தார்கள். முதலில் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு நர்ஸின் சட்டைப் பொத்தானை. "ஒரு பொத்தான் வேற கலர்ல இருக்கு" என்றாள். நர்ஸ் கை தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

சிரித்துக்கொண்டேதான் திரும்பினாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"என்ன ஆச்சு உங்களுக்கு? யாரு செத்தாங்க?"

ஒன்றரை மாதமாக எத்தனை பொய் சொன்னேன். குரலைத்தான் பார்த்துக்கொண்டேன், முகத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. வெட்கக்கேடு — என் பெண்டாட்டிக்குக் கண் தெரியாதது எனக்கு வசதியாக இருந்திருக்கிறது.

அங்கேயே, பெஞ்சில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். வலது கண்ணுக்கு உதவியிருக்கும் பணம் அது.

செப்டம்பர் 17, ஞாயிறு

வங்கி அட்டை அவள் கைக்குப் போய்விட்டது. கேட்கவில்லை, நீட்டினேன், வாங்கிக்கொண்டாள். தனியாகச் சாப்பிடுகிறாள்.

செப்டம்பர் 24, ஞாயிறு

"அதக் காட்டுங்க" என்றாள் இன்று. எதை என்று கேட்கவில்லை. ஃபோனில் வரைபடத்தைத் திறந்து ஆகஸ்ட் மாதத்துக்குப் போனேன். நூறு கோடுகளுக்கு நடுவில் அந்த வெள்ளிக்கிழமைக் கோட்டில் விரல் வைத்தேன். வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, புதுக் கண்ணால் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்ளோதானா? நூல் பிசிறு மாதிரி இருக்கு."

"அவ்ளோதான்."

"இதுக்கா ஒன்றரை மாசம் எம் மொகத்தப் பாக்காம இருந்தீங்க?"

ஆமாம் என்றேன்.