வெறுந்தரையில் ஒரு வாரம்

அக்டோபர் 1, செவ்வாய்

இன்றைக்கும் சலே ஊர் மனையில், வீடு கட்டிக்கொள்ளும் அம்மாவுக்கும் என் கணவன் அனுவாருக்கும் சண்டை. லல்லா பத்தூல் கைத்தடியால் மண்ணில் பெரிதாக ஒரு கோடு கிழித்துக் காட்டினார். "இங்கே விருந்துக் கூடம். சுவர் நெடுக செதாரி, நீள மெத்தை இருக்கை. கூரையிலே சுதைப் பூவேலை. இது இல்லாத வீடு எனக்கு வேண்டாம்."

அனுவார் விடவில்லை. "வீட்டுலயே நல்ல வெயில் விழற இடம் இது, லல்லா. இதைப் பூட்டி வெச்சுட்டு நீங்க அடுப்படி ஓரமா உட்கார்ந்து சாப்பிடுவீங்க. பெருநாளுக்குப் பெருநாள் திறப்பீங்க. மெத்தைக்கு வெயில், மனுஷனுக்கு இருட்டு."

"ஆள் வந்தா?"

"நாற்காலி போடலாம்."

"நாற்காலி ஆளை எண்ணும் மகனே. ஆறு போட்டா ஏழாவது ஆள் நிக்கணும். செதாரின்னா, கொஞ்சம் தள்ளி உட்காருன்னு சொன்னாப் போதும்."

அவர் ஓய்வு பெற்ற மருத்துவச்சி. சலேயில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். வந்துகொண்டேதான் இருப்பார்கள். அது தெரிந்தும் அனுவார் வாயை விட்டான்: "நாம வீடு கட்டறோமா, பிரசவ வார்டு கட்டறோமா?"

லல்லா அவனை மேலும் கீழும் பார்த்தார். "உன் வீட்டை ஒரு தடவை பார்த்தேன். குடி வந்த வீடா, காலி பண்ணின வீடான்னே தெரியலை." போய்விட்டார்.

நான் யார் பக்கம்? எங்கள் கட்டட அலுவலகத்தில் என் வேலை கம்பியும் உத்தரமும். அழகு அவன் பாடு. ஆனால் அவன் வடிவமைத்த எங்கள் வீட்டில் நானும் இருக்கிறேனே. காலையில் எங்கள் வெள்ளைச் சுவரில் வெளிச்சம் இறங்குவதைப் பார்த்தபடி காபி குடிப்பது எனக்குப் பிடிக்கும். பொய் சொல்லவில்லை. ஆனால் என் அக்கா ஹகீமா இங்கே வருவதை நிறுத்திவிட்டாள். "உன் வீட்டுல கைப்பையை எங்க வைக்கறதுன்னே பயமா இருக்குடி" என்றாள் கடைசியாக வந்தபோது.

அக்டோபர் 3, வியாழன்

வலது கண்ணின் ஓரத்தில் கறுப்புத் திரை ஒன்று இறங்குகிறது என்கிறான். சலே மனையிலேயே தொடங்கியதாம். தூசி என்று நினைத்தானாம். தூசி! நாளைக்கே டாக்டர்.

அக்டோபர் 4, வெள்ளி

விழித்திரை கழன்றுவிட்டது. சுவரில் ஒட்டிய காகிதம் ஈரத்தில் உரிந்து வருவதுபோல என்றார் டாக்டரம்மா. "அதனாலதான் நான் சுவர்ல காகிதமே ஒட்டறதில்லை" என்றான் இவன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாளை அறுவை சிகிச்சை. கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்று வைப்பார்களாம். அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க, ஒரு வாரம் முகம் தரையைப் பார்த்தபடியே கிடக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அப்படியே.

திரும்பப் பார்வை வருமா என்று கேட்டேன். "வாய்ப்பு நல்லாவே இருக்கு" என்றார். நல்லாவே இருக்குன்னா என்ன அர்த்தம்? வரைஞ்சே பிழைக்கிறவனுக்குக் கண்ணு போனா என்ன பண்றது? ஏன் ரெண்டு நாள் சொல்லாம இருந்தே, அனுவார்? ஏன்?

அக்டோபர் 5, சனி

முடிந்தது. கண்ணில் கட்டு. என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறான்.

அக்டோபர் 6, ஞாயிறு

இந்த வீட்டில் ஒரு மனிதன் குப்புறக் கிடக்க இடமில்லை. இன்றுதான் தெரிந்தது.

கட்டிலில் கிடந்தால் கழுத்து திருகிக்கொள்கிறது. சுவரோரம் அவன் ஆசையாக வார்த்த சிமென்ட் பெஞ்சு இருக்கிறது. போட்டோவில் எல்லோரும் புகழ்வது. அதில் கிடத்தினேன். நெஞ்செலும்பு நசுங்குகிறது என்றான். தலையணைகளை அடுக்கினேன், சரிந்தன. "எதையாவது கொண்டு வா!" என்று கத்தினான்.

நானும் கத்தினேன். "எதைக் கொண்டு வர? என்ன இருக்கு இந்த வீட்ல? ஒரு திண்டு உண்டா, ஒரு மெத்தை உண்டா? எல்லாம் கண்ணை உறுத்தும்னு நீதானே வேண்டாம்னே!"

சொன்ன பிறகுதான் 'கண்' என்ற வார்த்தை என் காதில் விழுந்தது. சரிந்த தலையணைகளை மறுபடி பொறுக்கி எடுத்தேன்.

நாளைய சந்திப்பு இல்லை என்று சொல்ல லல்லா பத்தூலுக்கு போன் செய்தேன். காரணம் கேட்டார், சொன்னேன். அஸர் தொழுகை நேரத்துக்குள் வாசலில் ஒரு சின்ன லாரி. பூப்போட்ட சிவப்பு உறையில் நீளநீளமாகச் செதாரி மெத்தைகள், திண்டுகள், சுமக்க இரண்டு ஆட்கள். "எப்படி எப்படியோ கிடக்கற வயித்துப் பிள்ளைக்காரிங்களைத் திருப்பிப் படுக்க வெச்சவ நான். இவன் எம்மாத்திரம்?" மெத்தைகளைச் சேர்த்துப்போட்டு, நெற்றிக்கு ஒரு திண்டு, தாடைக்கு ஒரு திண்டு, நடுவில் மூச்சுக்கு இடைவெளி. அனுவார் பெருமூச்சு விட்டான்.

"வலிக்குதா மகனே?"

"இல்லை லல்லா. உறை என்ன நிறம்?"

"பார்க்காதே. கண்ணை உறுத்தும்."

அவன் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று குனிந்து பார்த்தேன். சிரிப்பு.

அக்டோபர் 8, செவ்வாய்

நோயாளியைப் பார்க்க ஊரே வருகிறது. அவன் அண்ணன்கள், கொத்தனார்கள், எதிர்வீட்டுக்காரர். எல்லோருக்கும் மெத்தையில் இடம் கிடைத்தது. அனுவாருக்குத் தெரிவது கால்கள் மட்டும்தான். காலுறையைப் பார்த்தே பெயர் சொல்லிவிடுகிறான். "கட்டைவிரல்ல ஓட்டை. மேஸ்திரி புஷ்தா, வாங்க!" மேஸ்திரி வெட்கப்பட்டுக் காலை மடக்கிக்கொண்டார்.

மாலையில் ஹகீமா வந்தாள், பானை நிறைய ஹரீரா சூப்போடு. கைப்பையைத் திண்டின் மேல் எறிந்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள். "இப்பதான்டி இது வீடு."

"அக்கா, காது கேக்குது" என்றான் கீழேயிருந்து.

"கேக்கணும்னுதான் சொல்றேன்."

நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அவள் குரல் இந்த வீட்டில் கேட்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது.

அக்டோபர் 10, வியாழன்

மதியம் எல்லோரும் போய்விட்டார்கள். லல்லா மட்டும் சுவரில் சாய்ந்து கண்மூடி இருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"உன் வீட்ல என் காது ஓய்வெடுக்குது பெண்ணே" என்றார் கண் திறக்காமல். "நீங்க கட்டின ஆஸ்பத்திரியில கடைசி நாலு வருஷம் வேலை பார்த்தேன்ல. அங்கேயும் இப்படித்தான். வலியில வர்றவளுங்க கூட உள்ளே நுழைஞ்சதும் கொஞ்சம் அடங்குவாங்க. அதனாலதான் இவனைத் தேடி வந்தேன். இல்லாட்டி சலேயில கொத்தனுக்கா பஞ்சம்?"

இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"புகழ்ந்தா கூடத்தைக் கட்டித் தருவானா?"

அவர் போன பிறகு அனுவார் சொன்னான்: "நான் மெத்தை விளிம்பைத் தாண்டி என் தரையைப் பார்த்துக்கிட்டே இருக்கேன், கிஸ்லான். ஒண்ணுமே இல்லாத சாம்பல் தரை. நல்லாத்தான் இருக்கு. அது நம்மகிட்ட எதையும் கேக்கறதில்லை. ஆனா ஆள் வந்துட்டுப் போன பிறகுதான் நல்லா இருக்கு. காலையில யாரும் வர்றதுக்கு முன்னாடி பார்த்தா, பயமா இருக்கு."

பதினாறு வருஷத்தில் அவன் தன் வீட்டைப் பற்றி 'பயம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. பக்கத்தில் நானும் குப்புறப் படுத்துக்கொண்டேன். இருவருமாகத் தரையைப் பார்த்தோம்.

அக்டோபர் 14, திங்கள்

ஒட்டிக்கொண்டது! விழித்திரை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. பார்வை மெல்ல மெல்ல வரும் என்றார் டாக்டரம்மா. வெளியே வந்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ். அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அனுவார் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். காவலாளி வந்து, "ஐயாவுக்கு என்ன ஆச்சு?" என்றான்.

நவம்பர் 12, செவ்வாய்

குமிழி சின்னதாகிவிட்டது. பார்வையின் அடியில், ரசமட்டத்தில் ஓடுவதுபோல ஓடுகிறதாம். "தலையை ஆட்டிப் பார்த்தேன். நம்ம ஜன்னல் சட்டம் சாய்வு!" என்கிறான். கொழுப்பு திரும்பிவிட்டது. இனி கவலையில்லை.

சலே வீட்டு வரைபடத்தோடு லல்லா வீட்டுக்குப் போனோம். வெயில் விழும் அதே இடத்தில் கூடம். மூன்று பக்கம் செதாரி. ஆனால் கதவு கிடையாது, பூட்டவே முடியாது. தினமும் அங்கேதான் சாப்பாடு, தூக்கம், பேச்சு. சுவர் வெறும் வெள்ளை.

லல்லா வெகுநேரம் பார்த்தார். "கதவு இல்லாட்டி பிள்ளைங்க மெத்தையில சோறு சிந்தும்."

"சிந்தட்டும்."

"ம். சுவரும் வெறுசா இருந்துட்டுப் போகட்டும். ஆனா கூரையிலே சுதைப்பூ வேணும்."

அனுவார் வாய் திறந்தான். அவர் விடவில்லை. "காலமெல்லாம் பிரசவம் பார்த்திருக்கேன். மல்லாக்கப் படுத்திருக்கறவளுக்குப் பார்க்கறதுக்கு ஒண்ணும் இருக்காது மகனே. விரிசலை எண்ணுவாளுங்க. உன் ஆஸ்பத்திரியில விரிசல் கூட இல்லை. வயசான காலத்துல நானும் படுக்கத்தான் போறேன். எனக்குப் பார்க்க ஒரு பூ வேணும்."

எதிர்த்து ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். பென்சிலை எடுத்தான். "எந்தப் பக்கம் தலை வைப்பீங்க?" என்று மட்டும் கேட்டான்.

பிப்ரவரி 15, சனி

கெனித்ராவிலிருந்து புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தது. பையன் போனில் படங்களைக் காட்டினான். எல்லாம் வெள்ளை, ஒரு மேசை, ஒரு செடி. "இதே மாதிரி, அனுவார் சார். ஒண்ணுமே வேண்டாம்." பழைய அனுவாராக இருந்தால் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்திருப்பான்.

"உங்க வீட்டுக்கு யார் யார் வருவாங்க?" என்று கேட்டான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்தான் சொன்னாள்: "யாரும் வரமாட்டாங்க. ரெண்டு வீட்டுலயும் எங்களோட பேச்சு இல்லை."

அனுவார் தாளை விரித்து ஒரு ஜன்னல் வரைந்தான். பிறகு, "சரி. ஒண்ணும் வேண்டாம். சுவரெல்லாம் வெள்ளையாவே இருக்கட்டும். ஆனா இந்த ஜன்னலை மட்டும் கொஞ்சம் நீட்டி, அதோரமா மெத்தை போட இடம் விட்டு வைக்கறேன். இப்போ அங்க எதுவும் போட வேண்டாம்" என்றான்.

"அப்புறம் எதுக்கு?" என்றான் பையன்.

"கோபம் தீர்ந்தா வருவாங்க இல்லையா?"

அந்தப் பெண் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எவ்வளவு நீளம் வரும்?" என்று கேட்டாள்.

ஜன்னல் நீண்டால் மேலே உத்தரம் தடிமனாக வேண்டும். தாளை என் பக்கம் இழுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தேன்.